ஜீவன் பிரமாண்

ஜீவன் பிரமாண் என்பது, இந்தியாவில் ஓய்வூதியம் பெறுவோர் தாம் உயிருடன் இருப்பதை ஆதார் வழியாக இணையத்தில் மெய்ப்பித்து, மின்னணு உயிர்வாழ்வுச் சான்றிதழ் பெறுவதற்கான நடுவண் அரசின் சேவையாகும். நவம்பர் 10, 2014 அன்று தலைமை அமைச்சர் நரேந்திர மோதி இதனைத் தொடங்கி வைத்தார். முதியோர் ஆண்டுதோறும் வங்கிக்கோ கருவூலத்துக்கோ நேரில் செல்லும் தேவையை நீக்குவதே இதன் நோக்கம். எனினும் கைரேகை பொருந்தாமை, கருவியை அமைப்பதில் நேரும் பிழைகள், படிவத்தில் தவறான தேர்வு ஆகியவற்றால் சான்றிதழ் உருவாகாமல் போவதும், உருவான சான்றிதழ் பின்னர் ஏற்கப்படாமல் போவதும் உண்டு. அவ்வாறு நேர்ந்து, அது உரிய காலத்தில் கவனிக்கப்படாவிட்டால் ஓய்வூதியம் நின்றுவிடும். தொடர்வண்டித் துறை, படைக்கலத் தொழிற்சாலைகள், பாரத மிகுமின் நிறுவனம் ஆகியவற்றில் பணியாற்றி ஓய்வு பெற்றோர் பெருமளவில் வாழும் திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் பகுதிகளில் இச்சேவையின் நிறையும் குறையும் பலரது வாழ்வைத் தொடுபவை.

பின்னணி

ஓய்வூதியம் பெறுபவர் இறந்த பின்னும் அவர் கணக்கில் பணம் செலுத்தப்படுவதைத் தவிர்க்க, ஆண்டுக்கு ஒருமுறை உயிர்வாழ்வுச் சான்றிதழ் கோரும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. நடுவண் அரசு ஓய்வூதியருக்கு இதற்குரிய மாதம் நவம்பர் ஆகும். 80 அகவை நிறைந்தோர் அக்டோபர் முதல் நாளிலிருந்தே சான்றிதழ் அளிக்கலாம் என்று 2019ஆம் ஆண்டில் ஆணையிடப்பட்டது. தமிழ்நாடு அரசின் ஓய்வூதியருக்கு இதே நடைமுறை ‘நேர்காணல்’ என்ற பெயரில் கருவூலங்களில் நடைபெற்று வந்தது. ஏப்ரல் முதல் சூன் வரை நடந்த இந்நேர்காணலுக்குக் கோவிட் பெருந்தொற்றினால் 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் விலக்கு அளிக்கப்பட்டது. பின்னர் அவரவர் ஓய்வு பெற்ற மாதத்தில் நேர்காணல் செய்துகொள்ளும் முறை வந்தது.

நவம்பர் மாதம் வட இந்தியாவில் இதமான காலமாக இருக்கலாம். காவிரிக் கரையிலோ அது வடகிழக்குப் பருவமழைக் காலம். திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில் அக்டோபரும் நவம்பரும் மழை மிகுந்த மாதங்கள். முதியோர் வெளியே செல்ல அஞ்சும் பருவத்திலேயே அவர்கள் வெளியே வந்து தம்மைக் காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. வீட்டிலிருந்தே சான்றிதழ் பெறும் வழி இங்கு வரவேற்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

திருச்சி வட்டாரத்து ஓய்வூதியர்

திருச்சிராப்பள்ளியில் ஓய்வூதியர் என்போர் ஒரே வகையினர் அல்லர். பொன்மலையில் உள்ள தொடர்வண்டிப் பணிமனை, நாகப்பட்டினத்திலிருந்து மாற்றப்பட்டு 1928ஆம் ஆண்டு முதல் இயங்கி வருவது. தென்னக இரயில்வேயின் கோட்டத் தலைமையிடங்களுள் திருச்சியும் ஒன்று. பாரத மிகுமின் நிறுவனத்தின் திருவெறும்பூர் ஆலை 1965இலும், படைக்கலத் தொழிற்சாலை 1966இலும் தொடங்கப்பட்டன. இவை தவிர அஞ்சல், தொலைபேசி, பள்ளிக்கல்வி, மாநில அரசு அலுவலகங்கள் ஆகியவற்றில் பணியாற்றியோரும், அவர்தம் குடும்ப ஓய்வூதியம் பெறும் கைம்பெண்களும் உள்ளனர். பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் திருவரங்கத்தின் சித்திரை வீதி, உத்திர வீதிகளிலும் அவற்றை ஒட்டிய குடியிருப்புகளிலும் வந்து தங்கியோர் பலர்.

இவர்களுக்கு ஓய்வூதியத்தை ஒப்பளிக்கும் அமைப்பும் வழங்கும் அமைப்பும் வெவ்வேறானவை. தொடர்வண்டி ஊழியருக்கு ஒப்பளிப்பது இரயில்வே, வழங்குவது வங்கி. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியின் 1995ஆம் ஆண்டுத் திட்டத்தில் உள்ளோருக்கு வைப்பு நிதி நிறுவனமே வழங்கும் அமைப்பு. மாநில அரசு ஊழியருக்குக் கருவூலம். படைக்கலத் தொழிற்சாலைகள் அக்டோபர் 1, 2021 அன்று அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டாலும், அவற்றில் அரசு ஊழியராக இருந்து ஓய்வு பெற்றோர் பாதுகாப்புத் துறை ஓய்வூதியர் என்ற வகையிலேயே அடங்குவர். ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் இருவர் ஜீவன் பிரமாண் படிவத்தை வெவ்வேறு விதமாக நிரப்ப வேண்டியிருப்பதன் காரணம் இதுவே. அண்டை வீட்டாரைப் பார்த்து நிரப்புவது பல வேளைகளில் தவறாகவே முடியும்.

செயற்படும் முறை

ஓய்வூதியர் தம் ஆதார் எண், பெயர், கைபேசி எண், ஓய்வூதியக் கொடுப்பாணை எண், வங்கிக் கணக்கு எண், ஒப்பளித்த அமைப்பு, வழங்கும் அமைப்பு ஆகியவற்றை அளிக்கிறார். மறுமணம், மறுவேலை குறித்த உறுதிமொழியும் பெறப்படுகிறது. கைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லை இட்டபின் கைரேகை, கருவிழி, முகம் ஆகியவற்றுள் ஒன்று பதிவு செய்யப்படுகிறது. அப்பதிவு மறையாக்கம் செய்யப்பட்டு, இந்தியத் தனித்துவ அடையாள ஆணையத்தின் நடுவண் தரவகத்துக்கு அனுப்பப்படுகிறது. தரவகம் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று மட்டுமே விடை தரும். ‘ஆம்’ எனில் சான்றிதழ் உருவாகி, பிரமாண் எண் ஒன்று குறுஞ்செய்தியாக வரும். சான்றிதழ் ஒரு களஞ்சியத்தில் வைக்கப்படுகிறது. வழங்கும் அமைப்பு அதனை அங்கிருந்து எடுத்துத் தன் பதிவேட்டுடன் ஒப்பிட்டு ஏற்கும் அல்லது மறுக்கும்.

இவ்விறுதிப் படியே பலரால் அறியப்படாதது. பிரமாண் எண் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று கருதப்படுகிறது. உண்மையில் அது, ஆதார் தரவகம் ஒருவரை அடையாளம் கண்டது என்பதற்கு மட்டுமே சான்று. அவரது ஓய்வூதியம் தொடரும் என்பதற்கு அது சான்று ஆகாது.

ஒருவர் பணி ஓய்வூதியம், குடும்ப ஓய்வூதியம் ஆகிய இரண்டையும் பெறுவாராயின், ஒவ்வொரு கொடுப்பாணைக்கும் தனித்தனிச் சான்றிதழ் உருவாக்க வேண்டும். மறுமணம் செய்துகொண்டோரும் மறுவேலையில் சேர்ந்தோரும் இச்சேவையைப் பயன்படுத்த இயலாது. அவர்கள் பழைய முறையில் தாள் சான்றிதழே அளிக்க வேண்டும்.

உறுதிப்பாடு தவறுவதற்கான காரணங்கள்

கைரேகை

அகவை முதிர முதிர விரல்களின் ரேகை மேடுகள் தேய்கின்றன. தோல் உலர்ந்து சுருங்குகிறது. இரும்பு, எண்ணெய், வெப்பம் ஆகியவற்றுடன் முப்பது நாற்பது ஆண்டுகள் உழைத்த பணிமனைத் தொழிலாளியின் விரலிலும், சமையலறையிலேயே வாழ்நாளைக் கழித்தவரின் விரலிலும் தெளிவான ரேகையை எதிர்பார்ப்பது கடினம். இளமையில் பதிந்த ரேகைக்கும் இன்றைய ரேகைக்கும் உள்ள வேறுபாட்டைக் கருவி ‘பொருந்தவில்லை’ என்று மட்டுமே தெரிவிக்கும். வந்திருப்பவர் வேறு ஆள் என்பது இதன் பொருள் அன்று.

இத்தவறுதல் ஓய்வூதியருக்கு மட்டும் உரியதன்று. 2016-17ஆம் ஆண்டின் நடுவண் அரசுப் பொருளாதார ஆய்வறிக்கை, ஆதார் உறுதிப்பாடு தவறும் அளவு சார்க்கண்டில் 49 விழுக்காடு, இராச்சசுத்தானில் 37 விழுக்காடு எனவும், குசராத்தில் 6 விழுக்காடு எனவும் மதிப்பீடுகளைச் சுட்டியது. அரசுச் சேவைகளில் உறுதிப்பாடு வெற்றி பெறும் அளவு 88 விழுக்காடு என்று 2018 மார்ச்சில் அடையாள ஆணையத்தின் தரப்பில் உச்ச நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. எட்டுப் பேரில் ஏறத்தாழ ஒருவர் திருப்பி அனுப்பப்படலாம் என்பது இதன் பொருள்.

விரலைக் கழுவித் துடைத்தல், மிகவும் உலர்ந்திருந்தால் சிறிது ஈரப்படுத்துதல், கருவியின் கண்ணாடியைத் துடைத்தல், பத்து விரல்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தல் ஆகியவை முதலில் செய்யத்தக்கவை. தொடர்ந்து தவறினால் ஆதார் பதிவு மையத்தில் உயிர்த்தரவைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். அல்லது கருவிழி, முகம் ஆகியவற்றை நாட வேண்டும்.

கருவி அமைப்பு

கைரேகைக் கருவியைக் கணினியில் செருகியவுடன் அது இயங்கிவிடும் என்று எண்ணுவது பொதுவான தவறு. சேமித்து வைத்த கைரேகைப் படத்தை மீண்டும் அனுப்பி ஏமாற்றுவதைத் தடுக்க, பதிவு செய்யப்பட்ட கருவிகளை மட்டுமே பயன்படுத்தும் முறையை அடையாள ஆணையம் 2017இல் கொண்டு வந்தது. இதன்படி ஒவ்வொரு கருவிக்கும் உரிய ‘ஆர்.டி. சேவை’ என்ற மென்பொருளை நிறுவ வேண்டும். கருவியின் தொடர் எண் அதன் உற்பத்தியாளரின் வழங்கியில் பதியப்பட்டிருக்க வேண்டும். அப்பதிவின் காலம் முடிந்துவிட்டால் கருவி நல்ல நிலையில் இருந்தும் பயன்படாது. ஆகவே கருவிக்கான இயக்கி, ஆர்.டி. சேவை, ஜீவன் பிரமாண் செயலி ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். இவை மூன்றும் வெவ்வேறு இடங்களிலிருந்து பெறப்படுபவை. ஒவ்வொன்றின் வழிகாட்டியும் மற்ற இரண்டும் ஏற்கெனவே சரியாக உள்ளன என்று கொண்டே எழுதப்படுவதால், முதன்முறை அமைப்பவருக்குத் தொடக்கம் எது என்பதே விளங்காது.

பிழை நேரும்போது திரையில் ஆங்கிலச் சொற்றொடரும் ஓர் எண்ணும் தோன்றும். அவ்வெண்ணே சிக்கலின் இருப்பிடத்தைக் காட்டுவது. 700 எனில் குறித்த நேரத்துக்குள் விரல் வைக்கப்படவில்லை. 720 எனில் கருவி ஆயத்தமாக இல்லை. 730 எனில் பதிவு எடுக்க இயலவில்லை. இம்மூன்றிலும் ஆதார் தரவகத்துக்கு எதுவும் சென்று சேர்ந்திருக்காது. எனவே ஓய்வூதியரின் ரேகையைக் குறை கூற இடமில்லை. 300 எனில் தரவகம் வரை சென்று பொருந்தாமல் திரும்பியது. 330 எனில் ஆதார் உடையவர் தம் உயிர்த்தரவைப் பூட்டி வைத்துள்ளார். பாதுகாப்புக் கருதிப் பிள்ளைகள் பூட்டிவிட்டுப் பெற்றோரிடம் சொல்லாமல் விட்டிருப்பதும் உண்டு. 811 எனில் அந்த உயிர்த்தரவே தரவகத்தில் இல்லை. 998 எனில் ஆதார் எண்ணே செல்லாதது அல்லது தவறாக இடப்பட்டது.

561, 562 ஆகிய இரண்டும் சற்று விந்தையானவை. அனுப்பப்பட்ட வேண்டுகையின் நேரக்குறி மிகப் பழையது என்பது முன்னது. எதிர்காலத்தைக் காட்டுகிறது என்பது பின்னது. கணினியின் கடிகாரம் தவறாக ஓடுவதே பெரும்பாலும் காரணம். உள் மின்கலம் தீர்ந்துபோன பழைய கணினியில், ஒவ்வொரு முறை இயக்கும்போதும் நாள் பல ஆண்டுகள் பின்சென்றுவிடும். நாளையும் நேரத்தையும் திருத்தினால் போதும். ஆனால் சேவை மையத்தில் இருப்பவர் எண்ணைப் பாராமல் ‘ரேகை விழவில்லை’ என்று கூறிவிட்டால், மூதாட்டி தம் விரலையே நொந்துகொண்டு வீடு திரும்புவார்.

முக உறுதிப்பாடு

நவம்பர் 29, 2021 அன்று முகத்தைக் கொண்டு உறுதி செய்யும் முறை அறிமுகமானது. தனிக்கருவி தேவைப்படாத இம்முறையால் கைரேகைச் சிக்கல் பெரிதும் தணிந்தது. இதற்கு இரண்டு செயலிகள் தேவை: ஒன்று ஆதார் ஃபேஸ் ஆர்.டி., மற்றொன்று ஜீவன் பிரமாண் முகச் செயலி. முன்னதை நிறுவியபின் அது தனியாகத் திறந்து இயங்குவதில்லை. பின்னதன் உள்ளிருந்தே அழைக்கப்படும். நிறுவிய செயலியைக் காணவில்லை என்று மீண்டும் மீண்டும் நிறுவிப் பார்ப்போருக்கு இவ்விளக்கமே தேவைப்படுகிறது. கைபேசியில் ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பும், 4 ஜிகாபைட் நினைவகமும், 5 மெகாபிக்சல் ஒளிப்படக் கருவியும் வேண்டும் என்று வரையறுக்கப்பட்டது. முதியோர் கையில் இருப்பது பெரும்பாலும் பிள்ளைகள் பயன்படுத்திக் கழித்த பழைய கைபேசி என்பதால் இவ்வரையறை பலரை விலக்கிவிடுகிறது.

பலரும் தடுமாறும் இடம் ‘இயக்குநர் உறுதிப்பாடு’ என்ற முதற்படி ஆகும். செயலியை இயக்குபவர் முதலில் தம் ஆதார், கைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவற்றை இட்டுத் தம் முகத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஒருமுறை இதனைச் செய்தால் அக்கைபேசியில் பல ஓய்வூதியருக்குச் சான்றிதழ் எடுக்கலாம். ஓய்வூதியர் தாமே தமக்கு இயக்குநராகவும் இருக்கலாம். ‘இயக்குநர்’ என்ற சொல்லைக் கண்டு இச்செயலி சேவை மையத்தாருக்கு மட்டுமே உரியது என விட்டுவிடுவோர் உளர். மகன் தன் முகத்தைக் காட்டி முதற்படியை முடித்துவிட்டுத் தந்தையின் சான்றிதழ் வந்துவிட்டதாக எண்ணிக்கொள்வதற்கும் இதில் இடமுண்டு.

முகம் பதியும்போது வெளிச்சம் முன்புறமிருந்து விழ வேண்டும். கண்களை இமைத்துக் காட்ட வேண்டும். இமைத்தலே எதிரில் இருப்பது ஒளிப்படம் அன்று, உயிருள்ள ஆள் என்பதற்கான அடையாளம். கண்புரை அறுவை செய்துகொண்டோருக்கும், படுக்கையில் இருப்போருக்கும் இது எளிதன்று.

படிவத்தில் நேரும் பிழைகள்

உறுதிப்பாடு தவறினால் அது அப்போதே தெரிந்துவிடும். படிவப் பிழையோ மாதக் கடைசியில்தான் தெரியவரும். அந்த வகையில் இதுவே கூடுதல் தீங்கானது.

ஒப்பளித்த அமைப்பையும் வழங்கும் அமைப்பையும் மாற்றித் தேர்ந்தெடுத்தால் சான்றிதழ் உருவாகும். ஆனால் தொடர்பற்ற வேறோர் அலுவலகத்துக்குச் சென்று சேரும். ஊதியக்குழுத் திருத்தத்தின் பின் புதிய கொடுப்பாணை வந்திருக்க, பழைய எண்ணை இடுவதும் மறுப்புக்கு வழிவகுக்கும். நடுவண் குடிமைப் பணி ஓய்வூதியரின் கொடுப்பாணை எண் 12 இலக்கங்கள் கொண்டது. ஏனைய துறைகளின் எண்கள் வேறு அமைப்பில் உள்ளன.

தமிழருக்கே உரிய மற்றொரு சிக்கல் தலைப்பெழுத்து. பணிப் பதிவேட்டில் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னே நிற்கும். ஆதாரில் அது பெயருக்குப் பின் வந்திருக்கலாம். அல்லது தந்தை பெயர் முழுமையாக விரிந்து குடும்பப் பெயர் போல நிற்கலாம். மனிதர் பார்த்தால் இரண்டும் ஒருவரே என்று நொடியில் அறிவர். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கணினிக்கு இவர்கள் இருவர்.

கைபேசி எண்ணிலும் கவனம் தேவை. சேவை மையத்தில் விரைவு கருதி வேறொருவரின் எண்ணை இட்டுவிட்டால் பிரமாண் எண் அவருக்கே செல்லும். பின்னர் சான்றிதழைத் தரவிறக்கவோ அதன் நிலையை அறியவோ தளத்துள் புகுவதற்குப் பிரமாண் எண்ணும், பதிந்த கைபேசிக்கு வரும் கடவுச்சொல்லும் தேவை. இரண்டும் கையில் இல்லாதவர் தம் சான்றிதழைத் தாமே காண இயலாது.

2022ஆம் ஆண்டு நிகழ்வு

பாதுகாப்புத் துறை, தன் ஓய்வூதியரை வங்கிகளின் பொறுப்பிலிருந்து ‘ஸ்பர்ஷ்’ என்ற தன் சொந்த இணைய அமைப்புக்கு 2021 முதல் மாற்றத் தொடங்கியது. மாற்றப்பட்டோர் ஜீவன் பிரமாண் படிவத்தில் முந்தைய ஆண்டைப் போல வங்கியைத் தேர்ந்தெடுத்தால் பயனில்லை. ஒப்பளித்த அமைப்பாகப் பாதுகாப்புத் துறையின் உரிய கணக்கு அலுவலகத்தையும், வழங்கும் அமைப்பாக ஸ்பர்ஷையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

2022 ஏப்ரல் மாத ஓய்வூதியம் இவ்வாறு மாற்றப்பட்டோருள் 58 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு உரிய நாளில் வரவு வைக்கப்படவில்லை. ஆண்டு அடையாள உறுதிப்பாடு ஸ்பர்ஷில் பதிவாகாததும், வங்கிகளில் தாளாக அளித்தோரின் விவரம் வந்து சேராததுமே காரணம் என்று பாதுகாப்பு அமைச்சகம் விளக்கியது. நாடெங்கும் எழுந்த குறைகூறலைத் தொடர்ந்து, மே 25 வரை ஒருமுறை விலக்கு அளிக்கப்பட்டு, மே மாதத் தொடக்கத்திலேயே தொகை செலுத்தப்பட்டது. வங்கியில் முறைப்படி சான்றளித்தவரும், கணக்கு வேறிடம் மாறியதாலேயே உறுதிப்பாடு இல்லாதவராக ஆகக்கூடும் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

உதவியும் மாற்று வழிகளும்

ஜீவன் பிரமாண் கட்டாயமானதன்று. ஆதார் உறுதிப்பாடு இச்சேவையில் விருப்பத்தின்பாற்பட்டதே என்று 2021 மார்ச்சு மாத அறிவிக்கை தெளிவுபடுத்தியது. ஆகவே ‘ரேகை விழாதவர்’ தாள் சான்றிதழ் அளிக்க உரிமை உடையவர். வழங்கும் வங்கிக் கிளையில் நேரில் தோன்றலாம். அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர் முதலிய, விதிகளில் குறிக்கப்பட்டோரின் கையொப்பம் பெற்று அனுப்பினால் நேரில் தோன்றவும் தேவையில்லை. பாரத ஸ்டேட் வங்கி நவம்பர் 1, 2021 முதல் காணொளி வழியாக உயிர்வாழ்வுச் சான்றிதழ் பெறும் வசதியைத் தொடங்கியது.

அஞ்சல் துறையின் இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி, 2020 நவம்பர் முதல் அஞ்சல்காரர் வழியே வீட்டு வாயிலில் சான்றிதழ் எடுத்துத் தருகிறது. இதற்கான கட்டணம் 70 ரூபாய் என அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டு அஞ்சல் வட்டத்தின் மத்திய மண்டலம் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டது. அதில் திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் எனத் தனித்தனிக் கோட்டங்கள் உள்ளன. தெருவையும் ஆளையும் அறிந்த அஞ்சல்காரரே கருவியுடன் வருவது முதியோருக்கு அச்சமற்ற வழியாக அமைகிறது. எனினும் வைப்பு நிதித் திட்டத்தில் 2014இல் வரையறுக்கப்பட்ட குறைந்த அளவான மாதம் 1,000 ரூபாய் மட்டுமே பெற்றவருக்கு 70 ரூபாயும் எண்ணிப் பார்க்க வேண்டிய தொகையாகவே இருந்தது. இத்திட்டத்தினர் நவம்பர் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆண்டின் எந்நாளிலும் சான்றிதழ் அளிக்கலாம். அந்நாளிலிருந்து ஓராண்டுக்கு அது செல்லும்.

நடுவண் அரசின் ஓய்வூதியர் நலத்துறை நவம்பர் மாதங்களில் சிறப்பு முகாம்களை நடத்தி வருகிறது. 2022இல் 37 நகரங்களில் தொடங்கிய இவ்வியக்கம், 2023இல் 100 நகரங்களுக்கும், 2024இல் 800 நகரங்களுக்கும் விரிந்தது.

சான்றிதழ் எடுத்த சில நாட்களில் அதன் நிலையைப் பார்ப்பது இன்றியமையாதது. மறுக்கப்பட்டிருந்தால் வழங்கும் அமைப்பிடம் காரணம் கேட்டு, சரியான விவரங்களுடன் புதிய சான்றிதழ் உருவாக்கலாம். முந்தைய ஆண்டின் பிரமாண் எண் செல்லாது. ஒவ்வோர் ஆண்டும் புதிதாக எடுக்க வேண்டும். நடுவண் அரசு ஓய்வூதியர் நவம்பருக்குள் சான்றிதழ் அளிக்கத் தவறினால் ஓய்வூதியம் நிறுத்தி வைக்கப்படும். அது பறிக்கப்பட்டதாகப் பொருளன்று. சான்றிதழ் ஏற்கப்பட்டபின் நின்ற மாதங்களுக்கான தொகை நிலுவையாகச் சேர்த்து வழங்கப்படுகிறது.